கார் கேள்வி-பதில்: பிடித்துக்கொண்ட பின் வைப்பர்

கேள்வி: எட்டு வருஷத்து ஹேட்ச்பேக் கார். ஐப்பசி மழையில் பின் வைப்பரைப் போட்டதும் ‘ம்ம்’ என்று ஒரு முனகல், அத்தோடு சரி. மறுபடி போட்டால் அந்தச் சத்தமும் இல்லை. மோட்டார் எரிந்துவிட்டது, புதுசு போடணும் என்கிறார் மெக்கானிக். பழுது பார்க்க வழி உண்டா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முனகியது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. மோட்டாருக்குக் கரண்ட் போயிருக்கிறது. சுற்ற முடியாமல் நின்ற மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து ஃப்யூஸை எரித்திருக்கும். இரண்டாம் முறை சத்தமே வராததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மோட்டாரைக் குறை சொல்லுமுன் சாஃப்டை, அதாவது சுழலும் தண்டைப் பாருங்கள்.

வைப்பர் கையைத் தாங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த சாஃப்ட் இரும்பால் ஆனது. அது நுழைந்து வரும் கழுத்து, பெரும்பாலான மோட்டார்களில் அலுமினிய வார்ப்பு. வெளி முனையில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் வெயிலில் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்கு அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். சாஃப்டைச் சுற்றி இருப்பதோ மயிரிழை இடைவெளி. தை பிறந்ததிலிருந்து புரட்டாசி வரை ஸ்விட்சைத் தொடாமல் விட்டால் பொடி இறுகி சிமென்ட் மாதிரி ஆகிவிடும். உங்கள் ஊர் உப்புக்காற்று இதை இன்னும் சீக்கிரம் செய்யும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வைப்பர் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக ஆட்டாதீர்கள். உள்ளே வார்ம் கியரோடு (மோட்டார் சுற்றும் திருகுப் பல் தண்டு) கடித்து ஓடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் சக்கரம். அதன் பல் போனால் அப்புறம் நிஜமாகவே புது மோட்டார்தான்.

முதலில் ஃப்யூஸ். பல கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர். பெட்டி மூடியில் போட்டிருக்கும் அளவையே போடுங்கள். ‘அடிக்கடி போகுது’ என்று 20, 30 போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும். பிறகு டிக்கிக் கதவின் உள் அட்டையைக் கழற்றி, மோட்டார் பிளக்கில் டெஸ்ட் லேம்ப் வைத்து, ஸ்விட்ச் போட்டால் 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கி திறந்திருந்தால் பின் வைப்பர் ஓடாதபடி சில கார்களில் ஏற்பாடு உண்டு. அப்படியென்றால் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, மூடிய நிலைக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். முடிந்ததும் பூட்டை விடுவித்த பிறகே கதவை இறக்க வேண்டும்.

கரண்ட் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் கழற்ற வேண்டியதுதான். பிளேடு நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள். மூடியைத் தூக்கி நட்டைக் கழற்றினாலும் வைப்பர் கை வராது, சாஃப்ட் நுனியில் நீளவாக்கில் வெட்டிய வரிப்பல்லில் கடித்துக்கொண்டிருக்கும். சுத்தியல் எடுத்தால் கண்ணாடி போகும். பேட்டரி டெர்மினல் கழற்றும் சின்ன இரண்டு கால் புல்லர் போதும். கண்ணாடி கழுவும் தண்ணீர் சாஃப்ட் வழியாகவே வரும் மாடலானால் அந்த ட்யூபையும் பிடுங்கி வையுங்கள். மோட்டாரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் 10 எம்.எம். தலை கொண்ட மூன்று போல்ட்தான்.

மேஜைக்கு வந்ததும் கியர் பெட்டியின் மூடியைத் திறங்கள். சிலதில் ஸ்க்ரூ, சிலதில் ரிவெட். ரிவெட்டின் தலையை டிரில் செய்து எடுத்துவிட்டு, பின்னால் சின்ன ஸ்க்ரூவும் நட்டும் போட்டுக்கொள்ளலாம். திறந்ததும் எதையும் அசைக்காமல் போனில் ஒரு படம் எடுங்கள். சக்கரமும், அதைச் சாஃப்டோடு இணைக்கும் லிவரும் எந்த நிலையில் இருந்தன என்பது பூட்டும்போது வேண்டும். லிவரைச் சக்கரத்திலிருந்து கழற்றிய பிறகுதான் சாஃப்டில் கை வைக்கலாம், இல்லாவிட்டால் தட்டுகிற அடி முழுவதும் பிளாஸ்டிக் பல்லில் விழும்.

வெளி முனையில் இருக்கும் லாக்கையும் வாஷரையும் எடுத்துவிட்டு, துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் கழுத்தை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். கேஸ் நெருப்பு வேண்டாம், பிளாஸ்டிக் சக்கரம் உருகிவிடும். நட்டை சாஃப்டின் நுனிக்குச் சமமாகத் திருகி, மேலே ஒரு மரக்கட்டை வைத்து உள்பக்கமாகத் தட்டுங்கள். நட்டு இல்லாமல் அடித்தால் நுனி காளான் மாதிரி விரிந்து, சாஃப்ட் எந்தப் பக்கமும் வராது. ஒரே அடியில் எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் தட்டி, கொஞ்சம் திருப்பி, மறுபடி எண்ணெய் விட்டு, அப்படித்தான் வரும்.

வெளியே வந்த சாஃப்டில் செந்துருவும், ஓட்டையில் சுண்ணாம்பு மாதிரிப் பொடியும் இருக்கும். சாஃப்டை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து 600-ல் முடியுங்கள். பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள். பொடியை எடுத்தால் போதும், உலோகத்தைத் தின்னக் கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு சாஃப்டைச் செங்குத்தாக விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் எந்த ஓ-ரிங்கும் தண்ணீரை நிறுத்தாது. லேத் பட்டறையில் கொடுத்து ஓட்டைக்குள் புஷ் (உலோக உள்வளையம்) போட வேண்டும்.

பழைய கிரீஸ் சோப்பு மாதிரி கெட்டியாகியிருந்தால் வழித்துவிட்டுப் புது லித்தியம் கிரீஸ் வையுங்கள். கழுத்துக்குள் தண்ணீரில் கரையாத கிரீஸ். ஓ-ரிங் கட்டாயம் புதிது. பழையதை எடுத்துக்கொண்டு ஆயில் சீல் விற்கும் கடைக்குப் போனால் அளவு பார்த்துத் தருவார்கள். ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ்தான் தடவ வேண்டும். சாதா கிரீஸில் சில ரகம் ரப்பர் ஊதிவிடும்.

பூட்டியதும் காரில் மாட்டி, வைப்பர் கை இல்லாமல் சும்மா ஓட விட்டு ஸ்விட்சை அணையுங்கள். சாஃப்ட் தன் இடத்தில் போய் நிற்கும். அதன் பிறகுதான் டேப் அடையாளத்துக்கு நேராகக் கையைப் பொருத்த வேண்டும். முதலிலேயே பொருத்திவிட்டால் பிளேடு கண்ணாடியைத் தாண்டி பெயின்டில் கோடு போடும்.

கேள்வி: சாஃப்டில் டபிள்யூடி-40 என்ற துரு தளர்த்தும் ஸ்ப்ரே அடித்ததும் ஓடியது. இரண்டு மாதத்தில் மறுபடி நின்றுவிட்டது. ஏன்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அது இறுக்கத்தைத் தளர்த்துமே தவிர நின்று உழைக்கும் கிரீஸ் அல்ல. உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்துவிட்டுக் காய்ந்துபோகும். பொடியும் உள்ளேயே இருக்கிறது, ஓ-ரிங்கும் பழையது. கழற்றித் துடைக்காமல் இது தீராது.

கேள்வி: வைப்பர் ஓடுகிறது. ஆனால் அணைத்தால் கண்ணாடி நடுவிலேயே நின்றுவிடுகிறது.
— வாசகர், ஓசூர்

பதில்: ஸ்விட்சை அணைத்த பிறகும் மோட்டாரைத் தன் இடம் வரை ஓட்டுவதற்குத் தனியாக ஒரு கரண்ட் வழி உண்டு. பல மோட்டார்களில் கியர் சக்கரத்தின் முதுகில் செம்புத் தகடு இருக்கும், மூடியில் உள்ள ஸ்ப்ரிங் முட்கள் அதில் உரசும். கிரீஸ் காய்ந்து அங்கே படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். கான்டாக்ட் க்ளீனரால் துடைத்து, முள் வளைந்திருந்தால் லேசாக நிமிர்த்துங்கள். அதற்கு முன் மோட்டார் பிளக்கில், ஸ்விட்ச் போடாமலே 12 வோல்ட் இருக்க வேண்டிய ஒயரில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மோட்டார் நேரடியாக பேட்டரியில் நன்றாக ஓடுகிறது. காரில் மாட்டினால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது.
— வாசகர், மதுரை

பதில்: காரின் கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே கறுப்பு ரப்பர் குழல் ஒன்று மடிந்து போகிறது அல்லவா, அதைப் பிடுங்கி ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். கதவைத் திறந்து மூடி, உள்ளே செம்பு அறுந்து மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். அறுந்த ஒயர் ரப்பர் மாதிரி நீளும். ஆளை ஏமாற்றுவது அந்த மேலுறைதான். முறுக்கி டேப் சுற்றினால் அதே இடத்தில் மறுபடி அறும். வளையும் பகுதி முழுவதற்கும், பழைய ஒயரின் கனத்திலேயே, பல இழை கொண்ட புது ஒயர் வைத்து, குழலுக்கு இரண்டு பக்கமும் வெளியே சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள். நம்பர் பிளேட் விளக்கும் டீஃபாக்கரும் (பின் கண்ணாடியின் பனிமூட்டம் போக்கும் சூட்டுக் கம்பிகள்) சேர்ந்து மக்கர் செய்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம், இதேதான்.