நின்று கொல்லும் தெய்வமும் நடுவில் அகப்பட்ட பெண்ணும்

கேள்வி: அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் தெய்வத்துக்கு யார்மேல் கோபமோ அவரோடு, பக்கத்தில் இருக்கும் பெண்ணும் சேர்ந்து சாகிறாளே, இது என்ன நீதி?

பதில்: நீதி என்று அந்த நாடகங்களே சொல்லவில்லை. யூரிப்பிடீஸின் 'ஹிப்போலிட்டஸ்' (கி.மு. 428) நாடகத்தைப் பாருங்கள். இளவரசன் ஹிப்போலிட்டஸுக்கு வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் போதும், காதல் தெய்வம் அஃப்ரடைட்டியைக் கும்பிட மாட்டேன் என்கிறான். கோபம் அவன்மேல்தான். ஆனால் அஃப்ரடைட்டி கருவியாகப் பிடித்துக்கொள்வது அவனுடைய சிற்றன்னை ஃபீட்ராவை, அவள் மனத்தில் அவன்மேல் காதலை மூட்டிவிடுகிறாள். ஃபீட்ரா நல்லவள்தான், ஆனாலும் சாவாள், அவளுக்காக இரங்கி என் பகைவனை விட்டுவிட மாட்டேன் என்று நாடகத்தின் தொடக்கத்திலேயே மேடைக்கு வந்து சொல்லிவிட்டும் போகிறாள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் வயிறு எரியும்.

ஃபீட்ரா சும்மா இருக்கவில்லை. வாயைத் திறக்காமல், மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல், பழி வருவதற்கு முன் செத்துவிடப் பார்க்கிறாள். செவிலி விஷயத்தை ஹிப்போலிட்டஸிடம் சொல்லிவிட, அவன் ஒரு பெண்ணைத் திட்டுவதோடு நிற்காமல் பெண் இனத்தையே ஏசுகிறான். கோயிலில் பொன்னோ இரும்போ வெண்கலமோ வைத்துவிட்டுப் பிள்ளை வாங்கிக்கொள்ளும்படி தெய்வங்களின் அரசன் ஜீயஸ் செய்திருக்கக் கூடாதா, பெண் என்று ஒன்று எதற்கு என்கிறான். அதன் பிறகுதான் அவள், அவன் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் பொய் எழுதி வைத்துவிட்டுத் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அந்தப் பொய்யை நம்பித் தந்தை தீசியஸ் சபிக்க, மகன் குற்றுயிராகிறான். பொய் பொய்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நல்ல பெயரைத் தவிர அவளிடம் வேறு எதுவும் விட்டுவைக்கப்படவில்லை என்பதையும் நாடகம் காட்டுகிறது.

கடைசியில் ஆர்ட்டெமிஸ் வருகிறாள். ஒரு தெய்வத்தின் விருப்பத்துக்கு இன்னொரு தெய்வம் குறுக்கே நிற்பதில்லை, அது எங்கள் வழக்கம் என்கிறாள். பதிலுக்கு அஃப்ரடைட்டிக்குப் பிரியமான ஒருவனைத் தன் அம்பால் கொல்வேன் என்கிறாள். இதை ஊழ் என்று நாம் மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். ஊழுக்கு முன்வினைக் கணக்கு உண்டு, இங்கே ஃபீட்ராவின் பெயரில் எந்தக் கணக்கும் இல்லை.

கேள்வி: 'பாக்கே' நாடகத்தில் பென்தியஸ் மன்னனுக்குச் சேலை கட்டாத குறையாகப் பெண் வேடம் போட்டு அனுப்புகிறாரே மதுத் தெய்வம் டயோனைசஸ், அது வெறும் அவமானப்படுத்தலா?

பதில்: அவமானமும்தான், ஆனால் அதோடு முடியவில்லை. யூரிப்பிடீஸ் இறந்தபின் மேடையேறிய நாடகம் இது. முதல் பாதியில் பென்தியஸ் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். டயோனைசஸின் நீண்ட கூந்தலைப் பார்த்துப் பெண் மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்கிறான். கூட வந்த பெண்களை விற்றுவிடுவேன், இல்லையென்றால் தறியில் அடிமையாக உட்கார வைப்பேன், பறை கொட்டும் கைகளை நிறுத்துவேன் என்கிறான். பெண்ணின் இடம் தறி, ஆணின் இடம் அரியணை, இந்தக் கோடு அழிந்தால் ஊரே அழியும் என்று பயப்படுபவன் அவன். தெய்வம் அவனை அந்தக் கோட்டைத் தானாகவே தாண்ட வைக்கிறது. மலையில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒளிந்து பார்க்க அவனுக்குள் ஏற்கனவே ஆசை இருந்தது, அதைக் கிளறிவிட்டால் போதுமாயிருந்தது. நீண்ட அங்கியோடு வந்து நின்று, மடிப்பு சரியாக விழுகிறதா, நான் அம்மா மாதிரி இருக்கிறேனா என்று கேட்கிறானே, அந்த இடத்தில் சிரிப்பும் வருகிறது, அடிவயிறும் கலங்குகிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ஏதென்ஸ் மேடையில் நடிகர்கள் எல்லாருமே ஆண்கள். பெண் பாத்திரம் என்றால் ஓர் ஆண் முகமூடி மாட்டி அங்கி உடுத்தி வருவதுதான். மேடைக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் நடப்பதை யூரிப்பிடீஸ் இந்த ஒரு காட்சியில் பார்வையாளர் கண்முன் கொண்டுவந்துவிட்டார்.

ஆனால் தண்டனையின் முழு பாரமும் விழுவது தாய் அகாவேமேல். அவளிடமும் குற்றம் உண்டு, உடன்பிறந்த செமலீக்கு ஜீயஸோடு உறவு என்பதே பொய் என்று சகோதரிகளோடு சேர்ந்து சொன்னவள், செமலீயின் மகன்தான் டயோனைசஸ். அதற்காகப் பித்துப் பிடிக்கச் செய்து மலைக்கு விரட்டுகிறார். மகன் தலையணியைக் கழற்றி எறிந்து, அவள் கன்னத்தைத் தொட்டு, அம்மா நான் உன் பிள்ளை என்று கெஞ்சியும் அவளுக்குத் தெரியவில்லை, கிழித்துக் கொன்றுவிடுகிறாள். அவன் தலையைச் சிங்கத்தின் தலை என்று எண்ணி எடுத்து வந்து, தறியை விட்டேன், பெரிய வேலைக்கு வந்தேன், வெறுங்கையால் வேட்டையாடினேன் என்று தந்தை காட்மஸிடம் பெருமையாகச் சொல்கிறாள். தறியை விட்டு எழுந்த பெண்ணின் பெருமிதம் அவள் வாயில் வருவது அந்த ஒரு நேரத்தில் மட்டும்தான், அதுவும் பித்தில். காட்மஸ் வானத்தைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி மெதுவாக அவளைத் தெளிய வைக்கிறார். கோபத்தில் தெய்வங்கள் மனிதர்களைப் போல இருக்கக் கூடாது என்கிறார் அந்தக் கிழவர். என் தந்தை ஜீயஸ் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதுதான் டயோனைசஸின் பதில். அது ஒரு பதிலா?

கேள்வி: பெற்ற பிள்ளைகளையே கொன்ற மீடியாவை எந்தத் தெய்வமும் தண்டிக்கவில்லையே?

பதில்: யூரிப்பிடீஸின் 'மீடியா' நாடகத்தில் அவள் கணவன் ஜேசன் சத்தியம் செய்து கொடுத்து மீறி வேறு பெண்ணை மணந்தவன், அதை அவள் நாடகம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் அவன் தெய்வங்களைக் கூப்பிடும்போது, சத்தியத்தை மீறியவனுக்கு எந்தத் தெய்வம் காது கொடுக்கும் என்று கேட்கிறாள். கேட்பது தாத்தா சூரியன் அனுப்பிய தேரில், மேலே நின்றுகொண்டு. ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயத்தோடு போர்க்களத்தில் நிற்பேன் என்று சொன்னவளும் அவள்தான். இந்த நாடகம் மேடையேறிய கி.மு. 431 நாடகப் போட்டியில் யூரிப்பிடீஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம், போட்டியிட்டவர்களே மூன்று பேர்.

கேள்வி: அப்படியானால் யூரிப்பிடீஸ் பெண்களை வெறுத்தவரா?

பதில்: அவர் காலத்திலேயே அந்தப் பேச்சு இருந்தது. எங்களைப் பற்றி அவதூறாக எழுதுகிறான் என்று ஏதென்ஸ் பெண்கள் கூடி அவருக்குத் தண்டனை யோசிப்பதாக அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 411இல் ஒரு நகைச்சுவை நாடகமே போட்டார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபீட்ரா அந்த மூன்று நாளில் என்னென்ன நினைத்தாள் என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்தவர் அவர், வெறுப்பவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.