கோபுரமாய் வைத்த உளுந்து எத்தனை கிராம்? அளவும் அடர்த்தியும்: வாசகர் கேள்விகள்

வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து. ஆயா சொன்ன அளவுதான். புது டம்ளர் வாங்கியதிலிருந்து பணியாரம் எண்ணெய் குடிக்கிறது. ஏன்?
(தேவகோட்டை வாசகி)

புது டம்ளரின் வாயைப் பாருங்கள், ஆச்சி. ஆயாவின் டம்ளரைவிட அகலமாக இருக்கும். பச்சரிசியைத் தலைதட்டி அளப்பதால் அதன் அளவை டம்ளரின் கொள்ளளவு முடிவு செய்கிறது. கோபுர உளுந்தை முடிவு செய்வதோ வாயின் அகலம். குவியலின் சரிவு 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். வாய் 7 செ.மீ. என்றால் கோபுரம் 1.9 செ.மீ. உயரும், உளுந்து சுமார் 24 மி.லி. பிடிக்கும். வாய் 9 செ.மீ. என்றால் சுமார் 51 மி.லி. இரண்டும் 200 மி.லி. டம்ளராகவே இருக்கலாம், அரிசியும் மாறவில்லை, ஆனால் உளுந்து இரட்டிப்பாகிவிட்டது. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கத்தானே செய்யும்?

பழைய டம்ளர் இன்னும் வீட்டில் இருந்தால் அதில் ஐந்து முறை கோபுரம் வையுங்கள். ஒவ்வொரு முறையும் கோபுரத்தை மட்டும் வழித்து ஒரே கிண்ணத்தில் சேர்த்து, மொத்தத்தையும் நிறுத்து ஐந்தால் வகுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. 20 கிராமில் ஒரு கிராம் பிசகினால் அது ஐந்து சதவீதம். 100 கிராமில் பிசகினால் ஒரு சதவீதம்தான். வந்த எடையை டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அரிசியையும் நிறுப்பதே நல்லது. ஒரு அரிசி மணியின் அடர்த்தி மி.லி.க்கு 1.4 கிராமுக்கு மேல். டம்ளரில் கொட்டினால் மணிகளுக்கு இடையே காற்று நிற்பதால் 0.85 அளவில்தான் வரும். குலுக்கி அளந்தால் காற்று வெளியேறி, அதே டம்ளரில் பத்துப் பதினைந்து கிராம் வரை கூடுதலாக ஏறும்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருக்கிறது. குறைத்துத் தருகிறார்களா?

இல்லை. கடலை எண்ணெயின் அடர்த்தியே மி.லி.க்கு 0.91 கிராம். 15 கிலோ டின்னில் ஏறக்குறைய 16.5 லிட்டர் இருக்கும். விலையை ஒப்பிடும்போது இரண்டையும் கிலோவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளி அளவு ஜாடியில் 50 மி.லி. தண்ணீர் எடுத்து 5 பவுன் சங்கிலியைப் போட்டேன். 52 மி.லி. ஆனது. 40 ÷ 2 = 20. இது 22 காரட்தானா?
(காரைக்குடி, பிளஸ் ஒன் மாணவி)

சுத்தத் தங்கத்தின் அடர்த்தியே 19.3தான். 22 காரட்டுக்கு 17.7 அளவில் வரவேண்டும். 20 வந்தால் நகையைச் சந்தேகப்படாதீர்கள், ஜாடியைச் சந்தேகப்படுங்கள். அதன் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச்சிறிய அளவு, 1 மி.லி. ஒவ்வொரு வாசிப்பிலும் அரை மி.லி. பிசகலாம். இரண்டு வாசிப்பைக் கழிக்கிறீர்கள் என்பதால் மொத்தப் பிசகு 1 மி.லி. வரை போகும். ஆக, கன அளவு 1 முதல் 3 மி.லி.க்குள் எங்கேயும் இருக்கலாம், அடர்த்தி 13 முதல் 40க்குள் எங்கேயும் இருக்கலாம். இந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

0.01 கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் சங்கிலியை உலர்வாக நிறுங்கள். பிறகு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். சங்கிலியை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது சங்கிலி விலக்கிய தண்ணீரின் எடை. 2.25 காட்டினால் 40.00 ÷ 2.25 = 17.78. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும், அதன் அடர்த்தி 0.996. பெருக்கினால் 17.7. தராசு 0.02 பிசகினாலும் 17.5 முதல் 17.9க்குள் நிற்கும். 18 காரட் 16க்கும் கீழே விழும் என்பதால் அதைப் பிரித்துவிடலாம்.

பெரும்பாலும் கெடுப்பது கண்ணிகளுக்குள் சிக்கும் காற்றுக்குமிழி. குமிழி கன அளவைக் கூட்டும், நல்ல தங்கமும் மட்டமாகத் தெரியும். உள்ளே கூடான வளையல், அரக்கு அடைத்தது, கல் பதித்தது எதற்கும் இந்தச் சோதனை ஆகாது. கழுத்திருவை (செட்டிநாட்டுத் திருமணத் தாலி) கோத்த நூலோடு முக்கவே வேண்டாம், நூல் தண்ணீர் குடித்துக் கணக்கைக் குழப்பும். டங்ஸ்டன் உலோகம் 19.25 என்பதால் சுத்தத் தங்கக் கட்டியில் அதை ஒளித்துவைத்தால் அடர்த்தி காட்டிக்கொடுக்காது. சந்தேகம் தீராவிட்டால் ஹால்மார்க்கோடு உள்ள ஆறு எழுத்து அடையாள எண்ணைச் சரிபாருங்கள்.

உடைந்த ஆத்தங்குடிக் கல்லின் அடர்த்தி ஒருமுறை 2.4594595, இன்னொருமுறை 2.02 வருகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அது சிமெண்ட், மணலால் ஆன தரைக்கல், நுண்துளை உண்டு. தண்ணீரில் போட்டதும் பொடிப்பொடியாகக் குமிழி வருகிறதே, துளைக்குள் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். துண்டை உலர்த்தி நிறுங்கள். 24 மணி நேரம் ஊறவைத்து, மேல் ஈரத்தை மட்டும் துணியால் ஒற்றி நிறுங்கள். கடைசியாகத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அதன் எடையைப் பாருங்கள். 182, 198, 108 கிராம் வந்ததென்றால், துளையையும் சேர்த்த கன அளவு 198 − 108 = 90 மி.லி., அடர்த்தி 2.02. துளையை விட்டால் 182 − 108 = 74 மி.லி., அடர்த்தி 2.46. தளத்தின் பாரம் தெரியவேண்டுமென்றால் 2.02ஐ எடுங்கள்.

2.4594595 என்று எழுதியதற்கு மார்க் குறைத்திருந்தால் ஆசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 74இல் இருப்பது இரண்டே முக்கிய எண்ணுருக்கள். கடைசி இலக்கங்கள் கால்குலேட்டர் தந்தவை, கல் தந்தவை அல்ல.

பால்மானி (பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) 26 காட்டினால் பாலில் தண்ணீர்தானே?

கறந்த சூட்டோடு பார்த்தீர்களா? 27 டிகிரிக்கு அமைத்த பால்மானி, 37 டிகிரிப் பாலில் 2, 3 அலகு குறைத்தே காட்டும். நுரை அடங்கி ஆறட்டும். தண்டில் அச்சிட்ட வெப்பநிலையில், கண்ணைப் பால்மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். 28 முதல் 32 வரை வழக்கமானது.

32 காட்டினாலும் முழுக்க நம்பிவிடாதீர்கள். கொழுப்பு லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் பால் கனக்கும், பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டால் பழைய அடர்த்திக்கே வந்துவிடும். கொழுப்பையும் சேர்த்து அளந்தால்தான் குட்டு உடையும்.

எங்கள் வீட்டு வளவுத் (முற்றத்துத்) தூண் பர்மா தேக்கு. கனமான மரம் என்பதால்தானே இத்தனை காலம் நிற்கிறது?
(கானாடுகாத்தான்)

கனத்தால் இல்லை. காய்ந்த தேக்கின் அடர்த்தி 0.65 அளவுதான், தோதகத்தி (ஈட்டி மரம்) அதைவிடக் கனம், கருங்காலி தண்ணீரில் மூழ்கும். தேக்கு நிற்பது அதிலுள்ள எண்ணெயாலும் குறைவாகச் சுருங்குவதாலும். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அதனால் பர்மாவில் அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிட்டு, பிறகு சாய்த்து ஐராவதி வழியே மிதக்கவிட்டார்கள். ஆகவே மரத்தின் அடர்த்தியைச் சொல்லும்போது ஈரம் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சோதிக்கத் தூணைச் சுரண்ட வேண்டாம், பழைய சட்டத்தில் ஒரு துண்டு போதும். ஒரே பருமனில் 20 செ.மீ. குச்சியாகச் சீவி, மெழுகு பூசி, ஒடுங்கிய ஜாடியில் நெட்டுக்குத்தாக மிதக்கவிடுங்கள். 13 செ.மீ. முங்கினால் 13 ÷ 20, அதாவது 0.65. குச்சி பக்கச்சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் லேசாகத் தட்டிவிட்டுக் கோடு போடுங்கள்.