கடன் முடியாத எஸ்யூவியை வாங்கிவிட்டு போலீஸுக்குப் போகலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். வீட்டில் அப்பா அம்மா, பிள்ளைகள் சேர்த்து ஏழு பேர். புதிதாக எக்ஸ்யூவி700 அல்லது சஃபாரி எடுக்கலாம் என்று இருந்தேன். அந்தப் பணத்துக்கு அதைவிடப் பெரிய வண்டியே பழசில் கிடைக்கும் என்று மச்சான் சொன்னார். ஓசூர் புரோக்கர் ஒருவர் மூலம் பெங்களூர்க்காரர் ஒருவரின் 2019 மாடல், ஏழு சீட் டீசல் எஸ்யூவியை 17.5 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். 11 லட்சத்தை ஓனர் கணக்குக்கு அனுப்பினேன். 3.5 லட்சம் புரோக்கர் கையில் ரொக்கம். மீதி 3 லட்சத்தை ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசி, அதாவது கடன் தீர்ந்தது, ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வந்ததும் தருவதாகப் பேச்சு. ஓனர் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30, ஆர்சி, சாவி எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஐந்து மாதமாகியும் என்ஓசி வரவில்லை. போன வாரம் ஃபைனான்ஸ் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்று மூன்று டியூ பாக்கி, கடனை முடிக்க மொத்தம் 4.6 லட்சம் கட்ட வேண்டும் என்று சத்தம் போட்டார்கள். தெருவே பார்த்தது. ஓனர் போனை எடுப்பதில்லை. புரோக்கர் ஒருமையில் பேசுகிறான். மீட்டரையும் திருப்பியிருக்கிறார்கள், 72,000 காட்டுகிறது, சர்வீஸ் பதிவில் 1,30,000-ஐத் தாண்டிவிட்டது. மனைவி நகையை வைத்து வாங்கிய வண்டி ஐயா. இருவர் மீதும் 420 போட்டு உள்ளே தள்ள வேண்டும், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக வேண்டும். இனி ஒரு பைசா தர மாட்டேன். இன்சூரன்ஸ் வேறு அடுத்த மாதம் முடிகிறது. தம்பியும் இதே மாதிரி பெரிய வண்டி பார்க்கிறான். அவன் புதுசு எடுப்பதா, பழசா?

பதில்: தெரு பார்த்தது, புரோக்கர் பேசிய பேச்சு, மச்சான் கொடுத்த யோசனை எதுவும் எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. மீட்டர் விவகாரமும் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருப்பது தெரிந்தே இந்த வண்டியை வாங்கியிருக்கிறீர்கள். 3 லட்சத்தை நீங்கள் பிடித்து வைத்ததே அதற்கு அத்தாட்சி.

மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனம் எழுத்தில் சம்மதிக்காமல் அந்த வண்டியின் ஆர்சியில் பெயர் மாற்ற முடியாது. ஓனர் கையெழுத்துப் போட்ட 29-ம் 30-ம் உங்கள் பீரோவில் எத்தனை வருடம் இருந்தாலும் அவர்தான் ஓனர். இப்போது போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பம் போட்டால் ஓடிபியும் அவருடைய கைபேசிக்குத்தான் போகும். நீங்கள் கொடுத்த 14.5 லட்சத்துக்கு இன்றைய தேதியில் உங்களிடம் இருப்பது சாவியும், ஓட்டிக்கொண்டிருக்கும் வசதியும் மட்டும்தான்.

இனி 420. அது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). ஏமாற்றுதல் என்று சொல்ல, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததையும், அதை நம்பி நீங்கள் பணம் கொடுத்ததையும் காட்ட வேண்டும். கடன் இருப்பதை உங்களிடம் மறைக்கவே இல்லையே! ஆர்சியிலேயே அச்சாகியிருக்கிறது. "சொன்னபடி கடனை அடைக்கவில்லை" என்பது பேச்சு மீறல். அதற்கு சிவில் கோர்ட் இருக்கிறது என்று ஸ்டேஷனில் சொன்னால் அது சாக்கு அல்ல. மீட்டரை வைத்து ஏமாற்று வழக்கு கொஞ்சம் நிற்கும், ஆனால் திருப்பியது ஓனரா, புரோக்கரா, அதற்கு முன்னால் வைத்திருந்தவரா என்று யார் நிரூபிப்பது?

சரி, எப்படியோ எஃப்ஐஆர் போட வைத்துவிடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கட்சிக்காரர்கள் விழுகிற குழி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏமாற்று வழக்கில் வழக்குச் சொத்து எது? உங்கள் வாசலில் நிற்கிற அதே வண்டி. விசாரணைக்கு வேண்டும் என்று முதலில் எடுத்துப் போவது அதைத்தான். தருமபுரிக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் ஆள் பிடித்து எஃப்ஐஆர் போட வைத்தார். எதிரிகள் இருவரும் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு ஊரில் நடமாடினார்கள். இவருடைய வண்டி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றது. டயர் நான்கும் உட்கார்ந்து, எலி வயரைக் கடித்து, கடைசியில் பேட்டரியும் போனது.

காவல் நிலையங்களில் வண்டிகளை நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. உண்மைதான். இடைக்காலமாக வண்டியை ஒப்படைக்கக் கேட்டு மனுவும் போடலாம். ஆனால் யாரிடம் ஒப்படைப்பது என்று வரும்போது மாஜிஸ்திரேட் முதலில் பார்ப்பது ஆர்சியை. அதில் உங்கள் பெயர் இல்லை. இருப்பது இரண்டு பெயர்கள், ஒன்று நீங்கள் எதிரியாகச் சேர்த்த ஓனர், இன்னொன்று ஃபைனான்ஸ் கம்பெனி. கம்பெனியின் வக்கீல் கடன் ஒப்பந்தத்தோடு வந்து நிற்பார். தருமபுரிக்காரரின் வண்டி அப்படித்தான் கம்பெனி கைக்குப் போய் ஏலத்தில் முடிந்தது. புகார் கொடுத்தது இவர், வண்டியை எடுத்துக்கொண்டு போனது அவர்கள்.

நீங்கள் புகாரே கொடுக்காவிட்டாலும் கம்பெனிக்கு வழி இருக்கிறது. குண்டர்களை வைத்து நடுரோட்டில் வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் கண்டித்திருக்கிறது. அதனால் விவரம் தெரிந்த கம்பெனிகள் இப்போது அப்படிச் செய்வதில்லை. சமரசச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் கோர்ட்டுக்குப் போய், அட்வகேட் கமிஷனர் (கோர்ட் சார்பில் வரும் வக்கீல்) நியமனம் வாங்கி, போலீஸ் பாதுகாப்போடு வந்து எடுத்துப் போகிறார்கள். கையில் உத்தரவு இருக்கும், நீங்கள் தடுக்க முடியாது. அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கட்சியே அல்ல என்பதால் நோட்டீஸ்கூட உங்களுக்கு வராது, பெங்களூர் விலாசத்துக்குத்தான் போகும்.

அடுத்தது இன்சூரன்ஸ். அவர் பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்துவிடலாம் என்று புரோக்கர் சொல்லியிருப்பான், எல்லாப் புரோக்கரும் அதைத்தான் சொல்வான். மூன்றாம் நபருக்கான பொறுப்பு, அதாவது வண்டி இடித்தவருக்குத் தரும் நஷ்டஈடு, மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி வண்டியோடு தானாக உங்களுக்கு மாறிவிடும். உங்கள் வண்டிக்கான சேதம் அப்படி மாறாது. 1996-லேயே கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தோப்பூர் கணவாயில் லாரி ஒன்று பின்னால் வந்து மோதினால், பணம் கொடுத்த உங்களுக்குப் பாலிசி இல்லை. பாலிசி வைத்திருப்பவருக்கோ, விற்று முடித்த வண்டியில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதும். வழக்காடி ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காசோலை வருவதும் அவர் பெயருக்குத்தான்.

அதற்காகப் பாலிசியை விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருவர் மேல் இடித்துவிட்டால் நிலைமை இதைவிட மோசம். அது முடிவதற்குள் கடனை முடித்துவிடுங்கள். அதுவரை வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காமல் இருந்தால் நல்லது.

நுகர்வோர் ஆணையம் பற்றி இரண்டு வரி. தன் சொந்த வண்டியை விற்கிற தனி மனிதர் வியாபாரி அல்ல. அவர் மீது அங்கே வழக்கு நிற்காது. கமிஷன் வாங்கிய புரோக்கர் மீது போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அந்த ரொக்கம் 3.5 லட்சத்தை வாங்கவே இல்லை என்றுதான் அவன் சொல்வான். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவனுக்கு அதே தொகை அபராதம், ஒப்புக்கொள்ள அவனுக்கு என்ன பைத்தியமா? வாட்ஸ்அப்பில் அந்தத் தொகையைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தப் போனை விற்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள்.

என் ஆலோசனை உங்களுக்குப் பிடிக்காது. பணத்தைக் கட்டி முடியுங்கள். 4.6 லட்சம் பாக்கியில் 3 லட்சம் எப்படியும் நீங்கள் ஓனருக்குத் தர வேண்டிய பணம், அது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. கூடுதலாக உங்கள் பையிலிருந்து போவது 1.6 லட்சம். அதை ரோஷத்துக்காகப் பிடித்துக்கொண்டு 14.5 லட்சத்தை ஏலத்தில் விடப் போகிறீர்களா?

கட்டுவதிலும் மோசம் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலுக்கு வந்த வசூல் ஆளிடம் கொடுக்காதீர்கள், அவன் காட்டும் க்யூஆர் கோடுக்கும் அனுப்பாதீர்கள். ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளையில் ஃபோர்குளோசர் கடிதம், அதாவது கடனை முழுதாக முடிக்க எவ்வளவு என்று சொல்லும் கடிதம், வாங்க வேண்டும், அதை ஓனர்தான் கேட்க முடியும். இன்னொரு விஷயம், இதைக் கேட்காமல் கட்டி அழுதவர்கள் நிறைய: அதே கம்பெனியில் ஓனருக்கு வேறு கடன் ஏதாவது இருந்தாலோ, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, இந்தக் கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்தாலும் என்ஓசியை நிறுத்தி வைப்பார்கள். "இந்தத் தொகை வந்ததும் இந்த வண்டிக்கு என்ஓசி தருகிறோம்" என்று கடிதத்தில் வரி இருந்தால் மட்டும் கடன் கணக்குக்கு நேராக அனுப்புங்கள்.

ஓனர் போனை எடுக்கவில்லை என்கிறீர்கள். எடுப்பார். 420 என்று மிரட்டினால் அவர் வக்கீலிடம் போவார், அதோடு பேச்சு நின்றுவிடும். அதற்குப் பதில் ஒரு வக்கீல் நோட்டீஸில் 2018-ல் வந்த நவீன் குமார் தீர்ப்பைச் சொல்லுங்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிருஷ்ணகிரியில் ஓடுகிற வண்டிக்கு அவர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும், அபராதச் சலான்களும் அவர் போனுக்கு வரும் என்பதைப் பணிவாக எழுதினாலே போதும். மூன்று டியூ விட்டவருக்கு சிபில் கவலையும் இருக்கும். கடனை முழுதாக முடித்துத் தருகிறேன் என்று நீங்களே முன்வந்தால் உட்கார்ந்து பேசுவார். அப்போது அந்த 1.6 லட்சத்தில் பாதியையாவது அவர் தலையில் கட்டப் பாருங்கள். மீட்டரை அந்த மேஜையில் எடுங்கள், அதன் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில் கடன் முடிப்புக்கான படிவம் 35, பெங்களூர் ஆர்டிஓவிலிருந்து வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போகும் படிவம் 28, புதிதாகக் கையெழுத்திட்ட 29, 30 எல்லாவற்றுக்கும் தேதி வையுங்கள். ஓடிபி தரும் கடமையையும் எழுதுங்கள். ஒருவர் இதை மட்டும் விட்டுவிட்டு, ஓடிபி சொல்ல 20,000 கொடுத்தார். அப்புறம் கிருஷ்ணகிரியின் டிஎன்-24 நம்பருக்கு மாற்றும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி வரும். வண்டியின் வயதைப் பார்த்துக் குறைத்துப் போடுவார்கள், ஆனாலும் இந்த அளவு எஸ்யூவிக்கு அது லட்சங்களில் இருக்கும். பழசு மலிவு என்று கணக்குப் போட்டபோது மச்சான் இதைச் சேர்த்தாரா தெரியவில்லை.

தம்பி விஷயம். எந்த வண்டி நல்ல வண்டி என்பது மெக்கானிக்கின் வேலை. புது வண்டியில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. அது கசக்கும், ஆனால் ஆர்சி முதல் நாளிலிருந்தே அவர் பெயரில் இருக்கும், கோளாறு வந்தால் எதிரில் நிற்பவர் யார் என்பதும் தெரிந்திருக்கும். பழசுதான் வேண்டும் என்றால் கேஏ வண்டியை விட்டுவிட்டு டிஎன்-24, டிஎன்-29, டிஎன்-70 நம்பர்களில் தேடச் சொல்லுங்கள். வியாபாரியிடம் வாங்குவதானால், 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்பவர்களுக்கு ஆர்டிஓவின் அங்கீகாரச் சான்று வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் பரிவாகனில் கடன், சலான், தடை மூன்றையும் பார்க்கட்டும். ஆர்சியில் ஹெச்பி, அதாவது கடன் பதிவு, இருந்தால் ஓனரோடு கம்பெனி கிளைக்கே போய் கடனைக் கட்டி, என்ஓசியைக் கையில் வாங்கிக்கொண்டு மீதியைக் கொடுக்கட்டும். அதற்கு ஓனர் வர மறுத்தால் வேறு வண்டி பார்க்கட்டும்.

உங்கள் நோட்டீஸ் இந்த வாரமே போக வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் ஓனருக்கு ஒன்று, கடன் விவரம் கேட்டு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஒன்று. புரோக்கருக்கு இப்போது எதுவும் அனுப்ப வேண்டாம். ஆர்சி உங்கள் பெயருக்கு வந்த பிறகு அவனை நுகர்வோர் ஆணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.