ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் 'ம்ம்ம்' மட்டும் வருகிறது, ஐசி போய்விட்டதா?

நீங்கள் சொன்னது: டிடிஏ2030 ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்), ப்ளஸ், மைனஸ் சப்ளை இரண்டுக்குமான 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பக்கம் பாட்டு நின்று இரைச்சல் மட்டும், சரியா? முதலில் அந்த ஸ்பீக்கரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அதன் கம்பிச்சுருளும் (காயில்) கருகிவிடும். மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஐசியின் 4-வது காலுக்கும் (அவுட்புட்) கிரவுண்டுக்கும் நடுவே பாருங்கள். சில மில்லிவோல்ட்தான் என்றால் இன்புட் வயரின் கிரவுண்ட் விட்டுப்போயிருக்கலாம். 15 வோல்ட் பக்கம் காட்டினால், 3-வது காலில் மைனஸ், 5-வது காலில் ப்ளஸ் என்று சப்ளை இரண்டும் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஐசியை மாற்றுங்கள்.

அப்புறம், பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: இந்த ஐசியின் முதுகுத் தகடு 3-வது காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது, மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட் வைக்காமல், கிரவுண்டைத் தொடும் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) முறுக்கினால் சப்ளை நேராக ஷார்ட் ஆகும். மாற்றிய பிறகு முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸில் சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு அடங்காமல் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள்.