சாமி கும்பிடாதவர்களின் சந்தோஷம்: கேள்வி பதில்

தேனி மாவட்டம் கூடலூரில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாமி கும்பிடுவதை விட்டு 31 வருடம் ஆகிறது. மதம் இல்லாமல் நிறைவாக வாழ முடியுமா என்று கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் குமுளிப் பக்கமிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குமுளி, 24 வயது இளைஞர்: நம்பிக்கை போய் இரண்டு வருடம் ஆகிறது. மனம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வெறிச்சென்று ஆகிவிடுகிறது. ஏன் சார்?

தம்பி, கடவுளோடு சேர்ந்து உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. வாரம் தவறாமல் பார்த்த முகங்கள், கூட்டமாகப் பாடியது, காய்ச்சல் என்றால் வீடு தேடி வந்த சேட்டன்மார் எல்லாம் அதில்தான் இருந்தன. அமெரிக்காவில் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருக்கிறார்கள். ஆனால் அங்கே நெருங்கிய நண்பர்கள் இல்லாதவர்களுக்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை. நட்போடு, 'நாம் ஒரே கூட்டம்' என்ற உணர்வும் வேண்டுமாம். அதனால்தான் சொல்கிறேன், டீக்கடை அரட்டை மட்டும் போதாது. சேர்ந்து செய்ய ஒரு காரியம் வேண்டும்.

உங்கள் ஊரிலேயே அதற்கு வழி இருக்கிறது. தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்க 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கம், ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்தே கேரளா முழுக்கப் பரவியது. 2008ல் மாநில அரசு அதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு நர்சோடு போவோம். நகம் வெட்டி, விரிப்பு மாற்றி, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவோம். மாதம் இரண்டு சனிக்கிழமை நான் எல்லை தாண்டிப் போகிறேன். இதுவரை யாரும் என் மதத்தைக் கேட்டதில்லை. உங்கள் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விசாரியுங்கள்.

சின்னமனூர்: மனைவி சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டிக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறார். கூடப் போனால் நான் வேஷம் போடுவதாக ஆகாதா?

ஆகாது, போங்கள். தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நடங்கள். அவர் அம்மனுக்காக நடக்கிறார், நீங்கள் அவருக்காக நடக்கிறீர்கள்.

கம்பம், திராட்சை விவசாயி: நல்ல விளைச்சல் வந்தால் மனசு பொங்குகிறது. யாருக்கு நன்றி சொல்வது?

இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் இதைக் கேட்கலாமா அண்ணாச்சி! முல்லைப் பெரியாறு அணையை 1895ல் கட்டி முடித்த பென்னிகுயிக்குக்கு, அவர் பிறந்த நாளான ஜனவரி 15ல் பொங்கல் வைக்கிற ஊர்கள் நம்முடையவை. அவர் சாமி இல்லை, எஞ்சினியர். அந்தப் பொங்கலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அணை வேலையில் காட்டுக் காய்ச்சலில் செத்துப்போன கூலியாட்களையும் அன்றைக்கு நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவரிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள்.

வண்டிப்பெரியாறு: புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்தால் செல்லுமா?

இருவரும் இந்துக்கள், கல்யாணம் தமிழ்நாட்டில் என்றால் செல்லும். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தப்படி, உறவினர், நண்பர்கள் முன்னால் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். இந்தத் திருத்தம் கேரளாவுக்குப் பொருந்தாது. அங்கே 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி பதியலாம். 30 நாள் நோட்டீஸ் உண்டு. வேறு வேறு மதம் என்றாலும் இதுதான் வழி.

கம்பம், இளம் தாய்: 'சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லாமல் பிள்ளையை எப்படி வளர்ப்பது?

'நீ கிள்ளினால் தங்கச்சிக்கு வலிக்கும்' என்று சொல்லுங்கள்.

உத்தமபாளையம், ஆசிரியை: அம்மா போய் நான்கு மாதம். மேலுலகத்தில் பார்ப்போம் என்று மற்றவர்கள் தேறுகிறார்கள். எனக்கு அதுவும் இல்லை.

அந்த ஆறுதல் நமக்கு இல்லைதான் தாயி. என் மனைவி இறந்தபோது நான் ஒரு தவறு செய்தேன். சடங்கு வேண்டாம் என்று பதினாறாம் நாளையே விட்டுவிட்டேன். அதனால் யாரும் வரவில்லை. சடங்கை விட்டது சரி, சொந்தபந்தம் கூடுவதையும் சேர்த்து விட்டிருக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து வீடு அப்படிக் கனத்தது.

வருட நினைவு நாளில் எல்லாரையும் கூப்பிட்டேன். அவளுக்குப் பிடித்த கொள்ளுத் துவையலோடு சாப்பாடு போட்டு, ஆளுக்கு ஒரு நினைவு சொல்லச் சொன்னேன். பக்கத்துத் தெருப் பெண்ணின் நர்சிங் படிப்புக்கு அவள் ஃபீஸ் கட்டியது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 27 வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றி, அவள் போன பிறகு புதிதாக ஒன்று கிடைத்தது. நீங்களும் அம்மாவைத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் 14416, அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கூடலூர், ஏலத்தோட்டத் தொழிலாளி: விடியும் முன் ஜீப் ஏறினால் இருட்டித்தான் வீடு. சாமியும் இல்லை என்றால் மனசைக் கொட்ட எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா, நீங்கள் கும்பிடுங்கள். அதை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டன்மேட்டுப் பக்கம் நான் பார்க்கப் போகும் ஒரு அம்மா, முப்பது வருடம் காய் எடுத்தவர், இடுப்பு முறிந்து படுத்திருக்கிறார். போகும்போதெல்லாம் என்னிடம் அவர் விசாரிப்பது தன்னோடு ஜீப்பில் வந்த பெண்களைத்தான். யார் மகளுக்குக் கல்யாணம் ஆனது, யார் இப்போது முன் சீட்டில் உட்காருகிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்குப் பதில் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த லீவு நாளில் என்னோடு வருகிறீர்களா?