அப்பாவின் கையைக் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. மூக்கில் டியூப் போட்டு உணவு கொடுக்கிறோம். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் அக்கா, இரவில் அவர் டியூப்பைப் பிடுங்குகிறார் என்று இடது கையைத் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவிடுகிறார். மனசு கேட்கவில்லை. கண்டித்தால் அக்கா வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்றும் பயம். என்ன செய்யட்டும்?

பதில்: இன்றிரவே கட்டை அவிழ்த்துவிடுங்கள் அம்மா. வலக்கையும் பேச்சும் போனவருக்கு அந்த இடது கைதான் வாய். வலி, ஈரம், அரிப்பு எதுவானாலும் அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

உயிருக்கும் ஆபத்து. கட்டியிருக்கும்போது வாந்தி வந்தால் திரும்ப முடியாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண்ணும் வரும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி நோயாளியைக் கட்டக் கூடாது என்கிறது. மனநல மருத்துவமனைக்கே அதுதான் விதி என்றால், வீட்டில் இன்னும் கவனம் வேண்டாமா?

சரி, ஏன் பிடுங்குகிறார்? நான் வார்டில் இருந்தபோது ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தினமும் டியூப்பை இழுப்பார். 'முரட்டு நோயாளி' என்று கேஸ் ஷீட்டில்கூட எழுதியிருந்தோம். ஒருநாள் பிளாஸ்டரைப் பிரித்தேன். அடியில் மூக்கின் தோல் வெந்து, ஈரமாகச் சிவந்திருந்தது. புண்ணைத் துடைத்து, டியூப்பைக் கன்னத்துப் பக்கம் ஒட்டினேன். அன்றிரவு கை மூக்குப் பக்கமே போகவில்லை. இத்தனை நாள் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள்தான் கேட்கவில்லை.

அதனால் முதலில் பிளாஸ்டரைப் பாருங்கள், தினமும் மாற்றுங்கள். டயப்பர் நனைந்திருக்கிறதா, மலச்சிக்கலா, சிறுநீர் எரிச்சலா என்றும் பாருங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் திடீரென்று குழம்பிப்போவார்கள். அவர் எத்தனை மணிக்கு இழுக்கிறார் என்று நான்கு நாள் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். கையில் பிடித்துக்கொள்ள அவருடைய பழைய துண்டைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு மாதம் ஆகிவிட்டதால், பேச்சுப் பயிற்சியாளரை வைத்து விழுங்கும் திறனைச் சோதிக்கலாமா, வயிற்றில் வைக்கும் பெக் டியூப் சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல வாரங்களுக்கு மேல் டியூப் தேவைப்படும்போது அதை யோசிப்பதுதான் வழக்கம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு போனவருக்குப் புரிதலும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், பலருக்குக் காதில் விழுவது நன்றாகவே புரியும். டயப்பர் மாற்றும்போது கதவைச் சாத்தி, இடுப்பை மூடி ஒரு போர்வை போடச் சொல்லுங்கள். தொடுவதற்கு முன் "அப்பா, இப்போ திருப்பப் போறேன்" என்று ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் ஒருமுறை கையை அழுத்தட்டும், வேண்டாம் என்றால் இரண்டு முறை.

அக்காவைக் கண்டிக்க வேண்டாம். பகல் முழுக்கத் தூக்கி, துடைத்து, இரவும் விழித்திருப்பவர் அசதியில் கட்டியிருப்பார். "நீங்க தூங்குங்க அக்கா, இன்னைக்கு ராத்திரி நான் பார்த்துக்கறேன்" என்று ஆரம்பியுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று இரவாவது வீட்டில் ஒருவர் முறை எடுத்துக்கொள்ளுங்கள், வார விடுமுறையும் கொடுங்கள். பிளாஸ்டர் விஷயத்தை அவரையே உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். அடிப்பது, திட்டுவது என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் தயங்காதீர்கள். முதியோர் உதவி எண் 14567.

அப்புறம், டியூப் பாதி வெளியே வந்துவிட்டால் உடனே உணவை நிறுத்துங்கள். நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். நர்ஸ் வந்து சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கும்வரை தண்ணீர்கூட அதில் விட வேண்டாம்.