அப்பாவின் பவர் பத்திரம் போதுமா?
வணக்கம் அண்ணா. அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது, ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு இப்போதே பவர் ஆஃப் அட்டர்னி (அவர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதினால் பின்னாளில் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. மலேசியாவின் 1949 பவர் ஆஃப் அட்டர்னி சட்டப்படி, கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தவர் என்று தீர்ப்பானால் பவர் செல்லாது. தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும்! அப்புறம் 2001 மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்தில் மனுப்போட்டு, சொத்தைக் கவனிக்கக் ‘கமிட்டி’ (நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளர்) நியமிக்கக் கேட்க வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு. உயில், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நாமினி எல்லாம் இறப்புக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும்.

அப்பா தெளிவாக இருக்கும்போதே, உயிரோடு உள்ளபோதே நடப்புக்கு வரும் டிரஸ்ட் (சொத்தை நம்பகமான ஒருவர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு) பற்றி லாயரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடும் சமயத்தில் தெளிவாக இருந்தார் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள். தம்பி தங்கைகளிடமும் முன்பே சொல்லுங்கள், நாளைக்கு அவர்கள்தான் கேள்வி கேட்பார்கள்.